மாமனாருக்குக் கீழே ஒரு கண்ணாடிக் கடை

...அதத்தான் சார் நானும் கேக்கறேன்! கண்ணாடின்னா ஒடயாதா? ஒடயும். ஒடயத்தான் செய்யும். அதுக்காக, 'ஒன் கடைக் கண்ணாடி மட்டம்'னு ஒரு மனுஷன் மூஞ்சிக்கு நேராச் சொல்லலாமா? அதுவும் நாலு பேரு முன்னாடி? முப்பத்தோரு வருஷமா கண்ணாடி அறுக்கறேன் சார் நான்! உள்ள வாங்க, உள்ள வாங்க, வாசல்லயே நிக்காதீங்க, சாரல் அடிக்குது. அந்தக் குடைய மூலையில சாத்துங்க... அங்க இல்ல, அங்க அட்டை இருக்கு, ஊறிப்போயிடும்... ஆங், அங்கதான்.

யாரு சொன்னானா? வேற யாரு, பக்கத்துச் சலூன்காரன்தான். சுவத்துக்குச் சுவரு ஒட்டுன கடை. பதினாறு வருஷப் பழக்கம். சலூன் ஆரம்பிச்சப்ப சுவரு முழுக்கக் கண்ணாடி வேணும்ல? இதோ, கைய நீட்டினா என் கடை. எங்க போயி வாங்கினான் தெரியுமா? கீழ டவுன்ல! டவுன்ல வாங்கி, வண்டி வெச்சு மேல ஏத்தி, என் கடை வாசல் வழியாவே தூக்கிட்டுப் போனான் சார்! நான் அப்பவும் ஒண்ணும் சொல்லல. இன்னைக்கும் அந்தக் கண்ணாடியில போயி மூஞ்சியப் பாருங்க, கன்னம் ரெண்டும் அம்மைக்கட்டு வந்த மாதிரி வீங்கித் தெரியும். அப்பேர்ப்பட்ட கண்ணாடிய மாட்டி வெச்சிருக்கறவன் எங்கண்ணாடிய மட்டங்கறான்.

நீங்க மேலேருந்து எறங்குன பஸ்ஸுல வந்தவர்தானே? நெனச்சேன். காலையில கீழ் வளைவுல கல்லு விழுந்து ரோட்ட அடச்சிருச்சு. பயப்படாதீங்க, சின்னச் சின்னக் கல்லுதான், யாருக்கும் ஒண்ணும் இல்ல. மெஷின் வந்து தள்ளணும். மழ விட்டாத்தான் மெஷின் வரும். மழ எங்க விடுது? அஞ்சு நாளாச்சு, மேல யாரோ குழாயத் திறந்து வெச்சுட்டுத் தூங்கப் போயிட்ட மாதிரி ஊத்துது. பஸ்ஸு நின்னா டீக்கடைக்காரன் பொழப்பான், சலூன்காரன் பொழப்பான். ரோடு அடச்சுக்கிச்சேன்னு யாராவது படத்துக்குச் சட்டம் போட வருவாங்களா? நீங்கதான் சார் மொத ஆளு.

குடுங்க, பாப்போம். சட்டைக்குள்ளயே வெச்சு ஒரு சொட்டு நனயாமக் கொண்டாந்திருக்கீங்களே! எட்டுக்குப் பத்து. நல்ல முகம்... சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் சிரிக்கற முகம். யாரு சார் இது? இருங்க இருங்க, சொல்லாதீங்க, மொதல்ல சட்டம் போடற பீடிங் கட்டைய எடுத்துர்றேன். பேச ஆரம்பிச்சா எனக்குக் கை ஓடாது. வாயும் கையும் ஒண்ணா ஓடாத ஒரே பிரேம்காரன் நீங்கதான்னு எங்க வீட்டுக்காரி சொல்லுவா.

எந்தச் சட்டம்? மேல தொங்குதே, அதுவா? அதயே ஏன் சார் பாக்கறீங்க? அது வெறும் சட்டம். விக்கறதுக்கில்ல. அது வேற கத, அப்புறம் சொல்றேன்.

எங்க விட்டேன்? ஆங், மட்டம். எங்கண்ணாடி எப்படி மட்டமாச்சுங்கறீங்க, அதக் கேளுங்க. எங்க பின்கட்டுக்கு மேல ஒரு பாறை இருக்கு. வரும்போது பாத்திருக்க மாட்டீங்க, மேகம் மறச்சிருக்கும். ரெண்டு வீடு சைஸு. அதுக்கு நான் வெச்ச பேரு மாமனாரு. ஏன்னா எங்க மாமனாரும் அப்படித்தான் சார், நம்ம தலைக்கு மேலயே குந்திக்கிட்டு, ஒரு வேலயும் செய்யாம, ஒரு வார்த்தயும் பேசாம, நம்மளயே பாத்துக்கிட்டிருப்பாரு. எப்ப எந்தப் பக்கம் சாய்வாருன்னு கணக்கே போட முடியாது. இப்ப இந்த வளைவுல இருக்கற பதினோரு வீட்டுக்காரங்களும் அதே பேர்தான் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரிக்கு மட்டும் கோவம். 'எங்கப்பா போய்ச் சேந்து பத்து வருஷமாச்சு, இன்னும் அவரு தலையில கல்லத் தூக்கி வெச்சுக்கிட்டே இருக்கீங்களே'ங்கறா.

அந்த மாமனாருக்கும் மலைக்கும் நடுவுல ஒரு வெடிப்பு. பின்கதவத் திறந்தா இருபது படி, ஏறினா வெடிப்பு. போன குளிர்காலத்துக்கு அப்புறம்தான் மண்சரிவு பாக்கற ஆபீஸ்லேருந்து ஒரு அம்மாவ அனுப்புனாங்க. சின்ன வயசு, பெரிய கண்ணாடி போட்டிருக்கும், எப்பப் பாத்தாலும் எதயாவது அளந்துக்கிட்டே இருக்கும். அளவுக்காரம்மான்னு சொல்லுவோம். அது வந்து வெடிப்பப் பாத்துட்டு என் கடைக்குள்ள வந்துச்சு. 'அண்ணே, ரெண்டு எம்.எம். கண்ணாடியில ஒரு சாண் நீளம், ரெண்டு விரல் அகலத்துல துண்டு வேணும்'னுச்சு. எதுக்கும்மான்னேன். வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை, சிமெண்ட்டு வெச்சு ஒட்டிருவாங்களாம். பாறை ஒரு நூல் நகந்தாக்கூட கண்ணாடி பட்டுனு விட்டுருமாம். கண்ணாடி ஒடஞ்சா சைரனச் சுத்தணும், எல்லாரும் வீட்டக் காலி பண்ணிட்டு அந்தாண்ட ஸ்கூல் ஹாலுக்குப் போயிடணும். மழ விட்டு ரெண்டு நாள் கழிச்சுத்தான் திரும்பணும்.

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா சார்? எவ்வளவு பேருக்கு அறுத்துக் குடுத்திருப்பேன், கல்யாணப் படம், பட்டம் வாங்குன படம், கொழந்த தவழ்ற படம்... ஒரு மலையக் காவல் காக்க எங்கண்ணாடி! ஓரமெல்லாம் தேச்சு வழவழன்னு குடுத்தேன். அளவுக்காரம்மா அதுமேல செகப்புப் பெயிண்ட்டுல தேதி எழுதி ஒட்டுச்சு. சைரன் சாவியயும் எங்கிட்டயே குடுத்துச்சு. 'நீங்கதான்ணே பொறுப்பான ஆளு'ன்னுச்சு. சலூன்காரனுக்கு அன்னைக்கே வயிறு எரிஞ்சிருக்கும்.

இந்தக் குளிர்காலம் ஆரம்பிச்சுது. மொத மழயிலயே ஒரு நாள் காலையில அளவுக்காரம்மா வந்து பாக்குது, கண்ணாடி ரெண்டு துண்டு. சுத்தியாச்சு சைரன. பதினோரு வீடும் ஸ்கூல் ஹாலுக்கு. மூணு நாள் சார்! மூணு நாள்! ஒரு பக்கெட்டுக்காக எங்க வீட்டுக்காரிக்கும் சலூன்காரன் பொண்டாட்டிக்கும் சண்ட. எனக்குப் படுக்க எடம் கெடச்சது ரெண்டாங்கிளாஸ் பெஞ்சு. முழங்கால் வரைக்கும் நான், அதுக்குக் கீழ அந்தரம். சரி, உயிருக்குப் பயந்து படுத்துட்டோம். அந்த மூணு நாளும் மேலேருந்து என்ன விழுந்துச்சு? ஒண்ணும் விழல! ஒரு கடுகு சைஸுக் கல்லு விழல! மாமனாரு அப்படியே குந்தியிருக்காரு!

அப்பத்தான் சலூன்காரன் எந்திரிச்சு, ஹால் நடுவுல நின்னு சொல்றான்: 'மலை எல்லாம் நகரலப்பா. இவன் கடைக் கண்ணாடி மட்டம். தும்முனா ஒடயற கண்ணாடி. அதுக்குத்தான் நாம மூணு நாளா இங்க கெடக்கோம்.' எல்லாரும் சிரிக்கறாங்க சார். டீக்கடைக்காரன் சிரிக்கறான். எங்க வீட்டுக்காரி... அவ வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. வாயத் தொறந்து சிரிச்சிருந்தாக் கூடத் தாங்கிருப்பேன், பொத்திக்கிட்டுச் சிரிச்சா பாருங்க!

அன்னையிலேருந்து ரோட்டுல போனா எவனாவது தும்முவான். வேணும்னே தும்முவான். 'அய்யோ, கண்ணாடி!'ம்பான் இன்னொருத்தன். கடையில ஒரு ஆளு மூஞ்சி பாக்கற கண்ணாடி வாங்க வந்துட்டு, 'தாங்குமா'ன்னு கேக்கறான். முப்பத்தோரு வருஷத்துல எங்கிட்ட எவனும் கேக்காத கேள்வி சார் அது.

பீடிங் எது போடட்டும்? கருப்பா, மரக் கலரா? ...மெல்லப் பாருங்க, அவசரமில்ல. பஸ்ஸு எங்கயும் போயிடாது.

போன குளிர்காலத்துல என்ன ஆச்சா? ஆமா, சொன்னேன்ல... அது அடுத்த வளைவுல. இங்கேருந்து நடந்தா அஞ்சு நிமிஷம். இதே மாதிரிதான், ஒரு வாரமா மழ, காத்து, குளிரு. அங்க ஒரு பஞ்சர் கடை இருந்துச்சு. பஞ்சர்காரரு, அவரு சம்சாரம், சம்சாரத்தோட தங்கச்சி. சாயந்தரம் நாலு மணி. இடி இடிக்குதுன்னுதான் நெனச்சோம். ஆனா இடி நிக்கும்ல? அது நிக்கல. ஓடிப் போயிப் பாத்தா அங்க வளைவே இல்ல சார். ரோடு எங்க போச்சுன்னே தெரியல. நானும் சலூன்காரனும்தான் மொதல்ல போனோம். வெறுங்கையால கல்லப் பொரட்டினோம். அவன் நகமெல்லாம் பேந்து ரத்தம். அவன் கத்திரி புடிக்கறவன், நான் கண்ணாடி புடிக்கறவன், எங்க கையால எத்தன கல்லு பொரட்ட முடியும்... முடியல சார். முடியல.

நாலு பேரு போயிட்டாங்க. பஞ்சர்காரரு வீட்டு மூணு பேரு, அப்புறம் டயருக்குக் காத்து புடிக்க நிறுத்தியிருந்த ஒரு லாரி டிரைவரு. மூணு பேருக்கும் நான்தான் படம் போட்டுக் குடுத்தேன். நாலாவது ஆளுக்கும் சட்டம் தயார் பண்ணி வெச்சேன். எட்டுக்குப் பத்து. யாராவது படம் கொண்டு வருவாங்கன்னு பாத்தேன். எந்த ஊரு, என்ன பேரு, ஒண்ணும் எங்களுக்குச் சொல்லல, பெரிய ஆஸ்பத்திரியிலேருந்தே கொண்டு போயிட்டாங்க. அதான் சார் அந்தச் சட்டம். காலியாவே தொங்குது. கழட்டவும் மனசு வரல.

...என்ன?

...லாரியா?

உங்க... உங்க அண்ணனா?

...

உக்காருங்க. உக்காருங்க தம்பி. நான் ஒரு மடையன், மொதல்லயே யாருன்னு கேட்டுட்டு, நீங்க வாயத் திறக்கும்போது சொல்லாதீங்கன்னவன்... அந்த எடத்தப் பாக்கத்தான் வந்தீங்களா? இந்த மழயில? ஒரு வருஷம் ஆகுதுல்ல, ஆமா, இந்த வாரம்தான். அங்க வெக்கறதுக்குப் படமா? ...தம்பி, பீடிங்கெல்லாம் வேண்டாம். ஸ்டூலப் போட்டு அதக் கழட்டறேன். இது அவருக்குன்னே செஞ்சதுதான். இந்தாங்க, படத்த வைங்க... பாருங்க, ஒரு நூல் கூடக் கொறயல. நல்லா இருக்காரு. அந்த ஒரு பக்கச் சிரிப்பு நல்லா இருக்கு.

கண்ணாடி மட்டும் அறுத்துப் போட்டுர்றேன். இருங்க, துணியால தொடச்சிட்டு... தொடச்ச எடத்துலயே ஏன் ஆவி படியுது? குளிரு. குளிருதான்.

என்ன கேட்டீங்க? இந்தப் பாறை விழாதான்னா? விழாது தம்பி. நீங்க பயப்படாதீங்க. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னா... சொல்றேன், உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க ஊருக்குப் போகப்போறவரு. அந்தக் கண்ணாடி ஒடயறது பாறையால இல்ல, குளிரால. கண்ணாடியப் பத்தி எனக்குத் தெரியாதா? ரெண்டு எம்.எம். ரொம்ப மெலிசு. திடீர்னு குளிர் தாக்கினா விட்டுரும். அளவுக்காரம்மா படிச்ச பொண்ணு, ஆனா அது படிச்சது கல்லு. கண்ணாடி படிச்சவன் நான். இந்த மழ ஆரம்பிச்ச ரெண்டாம் நாள் காலையில, அந்தப் பொண்ணு வர்றதுக்கு முன்னாடி நான் ஏறிப் பாத்தேன். ஒடஞ்சிருந்துச்சு. மனசு திக்குனுச்சு... பாறைய நெனச்சு இல்ல தம்பி, சலூன்காரன நெனச்சு! மறுபடியும் ஹாலு, மறுபடியும் தும்மலு! எங்கிட்ட அதே சைஸு துண்டு கெடக்கு. சிமெண்ட்டு கெடக்கு. செகப்புப் பெயிண்ட்டு கெடக்கு. பத்து நிமிஷ வேல. மாத்திட்டேன். தேதி கூட அந்தப் பொண்ணு கையெழுத்து மாதிரியே, ஏழுக்கு நடுவுல ஒரு கோடு போடும், அந்தக் கோட்டோட எழுதுனேன்.

முந்தாநாள் பாத்தேன், மறுபடியும் விட்டிருந்துச்சு. மறுபடியும் மாத்துனேன். என்ன இந்நேரத்துல சிமெண்ட்டும் கையுமான்னு வீட்டுக்காரி கேட்டா. சாக்கடை அடச்சிருக்குன்னேன்.

இன்னைக்குக் காலையிலயும் ஒடஞ்சிருந்துச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சு. ரெண்டு எம்.எம். வேண்டாம்டான்னு, மேஜை மேல போடற ஆறு எம்.எம். கண்ணாடியில ஒரு துண்டு அறுத்து ஒட்டிட்டேன். ஆறு எம்.எம்.! சுத்தியால தட்டினாத்தான் ஒடயும். குளிரு அத ஒண்ணும் பண்ண முடியாது. அது ஒடயணும்னா மலையே எந்திரிச்சு நடக்கணும். ரோடு அடச்சிருந்ததால அளவுக்காரம்மா வர முடியல. எட்டு மணிக்கு போன் பண்ணுச்சு: 'அண்ணே, கண்ணாடி எப்படி இருக்கு?' முழுசா இருக்கும்மான்னேன். நான் பொய் சொல்லல தம்பி! முழுசாத்தானே இருந்துச்சு!

ஏன் அப்படிப் பாக்கறீங்க? உங்க அண்ணன் விஷயம் வேற தம்பி. அங்க கண்ணாடியே இல்ல. அங்க யாரும் ஒண்ணும் ஒட்டி வெக்கல, ஒரு கண்ணாடி இருந்திருந்தா... இருந்திருந்தா அவங்க...

சரி, அத விடுங்க. இங்க குளிருதான். நான் சொல்றேன்ல.

என்ன? சத்தமாச் சொல்லுங்க, மழயில கேக்கல.

...இந்தக் கடையில இருக்கற கண்ணாடியெல்லாம் ஏன் ஒடயலயா?

அது... இங்க உள்ள இருக்குல்ல. சுவரு இருக்கு, கூர இருக்கு...

வெளியவும் சாத்தி வெச்சிருக்கேன், ஆமா. அஞ்சு நாளா நனயுது. ரெண்டு எம்.எம்.தான். அதே பெட்டியிலேருந்து எடுத்ததுதான்.

...ஆமா. ஒண்ணு கூட ஒடயல.

அது எப்படின்னா தம்பி, கண்ணாடிங்கறது... அதாவது, எடத்துக்கு எடம்...

வாங்க. நீங்களே வந்து பாருங்க. குடைய எடுத்துக்குங்க. ஆறு எம்.எம். எப்படிக் கல்லு மாதிரி நிக்குதுன்னு காட்டறேன். பாத்துட்டு வந்து நிம்மதியா உங்க அண்ணனுக்குக் கண்ணாடி போடறேன். இப்படி வாங்க, எங்க வீட்டுக்காரி தையல் மிஷின் இடிக்கும், பாத்து. ...ஒண்ணுமில்லம்மா, சாருக்குப் பின்பக்கம் காட்டறேன், நீ தையி. ...கதவு ஏன் இறுகிக்கிச்சு? காலையில நல்லாத் திறந்துச்சே. மழயில மரம் ஊதிருச்சு. தள்ளுங்க ஒரு கை... ஆங். படி வழுக்கும். பதினெட்டாவது படி கொஞ்சம் ஆடும்... இன்னைக்கு எல்லாப் படியும் ஆடுது. வந்துட்டோம். இதோ பாருங்க, இதுதான் வெடிப்பு, இதோ நம்ம ஆறு...

...

தம்பி. அந்தக் கோடு எனக்கு மட்டுந்தான் தெரியுதா?

கோடு இல்ல. ரெண்டு துண்டு. நடுவுல என் விரலு போகுது. பாருங்க, முழு விரலும் போகுது. காலையில ஒட்டுனேன் தம்பி. காலையில ஏழு மணிக்கு.

ஓடுங்க. இல்ல, ஓடாதீங்க, வழுக்கும்... இல்ல, ஓடுங்க! சாவி, இந்தாங்க சாவி, சலூன் வாசல்ல கம்பத்துல பெட்டி, திறந்து கைப்பிடியச் சுத்துங்க, நிறுத்தாமச் சுத்துங்க! நான் வீடு வீடாத் தட்டறேன்! ஏம்மா! ஏய்! மிஷின விடு! மிஷின விட்டுட்டு எந்திரி! அப்புறம் கேளு, எல்லாத்தயும் அப்புறம் கேளு, இப்ப நட!

*

முப்பத்தெட்டு. முப்பத்தெட்டுப் பேரும் இருக்காங்க. பதினோரு வீடு, டீக்கடையில குந்தியிருந்த உங்க பஸ்ஸு ஆளுங்க, எல்லாரும். ரெண்டு தடவ எண்ணியாச்சு. மூணாவது தடவ எங்க வீட்டுக்காரி எண்ணிக்கிட்டிருக்கா, அவளுக்கு என் கணக்குல நம்பிக்க இல்ல.

இங்க, ஸ்கூல் படியிலயே உக்காருங்க தம்பி, ஹாலுக்குள்ள ஒரே கூச்சல். நல்லாச் சுத்துனீங்க. கை செவந்துருச்சே. அரை மணி நேரம்... அரை மணி கூட இல்ல. கடைசி வீட்டுக்காரங்க ரோட்டத் தாண்டி இந்தாண்ட வரவும்... சத்தம் கேட்டீங்கல்ல? போன வருஷம் கேட்ட அதே சத்தம். நிக்காத இடி. மாமனாரு ஒரு வழியா எறங்கிட்டாரு. என் கடை, சலூனு, அந்தாண்ட ரெண்டு வீடு. மீதி வீடுங்க நிக்குதுன்னு சொல்றாங்க, நான் திரும்பிப் பாக்கல.

அங்க பாருங்க, சலூன்ல இருந்து எந்திரிச்சு ஓடி வந்த ஆளு, ஒரு பக்கம் மழிச்சிருக்கு, ஒரு பக்கம் நுர. மழயே பாதி கழுவிருச்சு. மீதிய இங்க வெச்சே முடிச்சு விடறேன்னு சலூன்காரன் கத்தியத் தேடறான். கத்தி எங்க, கல்லுக்கு அடியில. எங்க வீட்டுக்காரி தையல் மிஷினோட தலைய மட்டும் கழட்டி இடுப்புல வெச்சுக்கிட்டு வந்திருக்கா. நான் என்ன எடுத்துட்டு வந்தேன் தெரியுமா? இந்தத் தகர டப்பா. பிஸ்கட் டப்பா. 'நகயெல்லாம் விட்டுட்டு இத எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க'ன்னு கேட்டா.

இதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல? ஒடஞ்ச கண்ணாடி. செகப்புத் தேதியோட. நான் கண்ணாடித் துண்ட வெளிய வீச மாட்டேன் தம்பி, யாரு காலயாவது கிழிச்சுரும். அதுல மட்டும் எனக்கு ரொம்ப ஜாக்கிரத. யாரு காலும் கிழியக் கூடாதுன்னு ஜாக்கிரத. முப்பத்தெட்டுப் பேர் தலைக்கு மேல என்ன பண்ணி வெச்சேன் பாருங்க.

சலூன்காரன் வந்து கட்டிப்புடிச்சானே, பாத்தீங்களா? அழுதான் தம்பி. எம் முதுகுல தட்டித் தட்டி, 'ஒன் கண்ணாடியாலதான்யா பொழச்சோம், ஒன் கண்ணாடி மாதிரி வராதுய்யா'ங்கறான். ஹாலுக்குள்ள எல்லாரும் அதயேதான் சொல்றாங்க. தும்முன டீக்கடைக்காரன் எனக்குத் தன்னோட கம்பளியக் குடுத்துட்டான். இத சலூன்காரன் வாயால ஒரு தடவ கேக்கணும், ஒரே ஒரு தடவ கேக்கணும்னுதானே இவ்வளவும் பண்ணினேன். கேட்டாச்சு. கம்பளிய மடிச்சுக் கீழ வெச்சுட்டேன்.

நீங்க இன்னைக்கு வரலன்னா? ரோடு அடச்சிருக்கலன்னா? உங்க பஸ்ஸு நேரா அடுத்த வளைவுக்குப் போயிருக்கும். நான் பீடிங் வெட்டிக்கிட்டு, சலூன்காரனத் திட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். பின்னாடி ரூம்ல அவ தெச்சுக்கிட்டிருப்பா. அந்த ரூமு மேலதான் மொதல்ல விழுந்துச்சாம் தம்பி. மிஷினுக்கு நேர் மேல.

உங்க அண்ணன் படத்தக் கையிலயே வெச்சிருக்கீங்களா? நல்ல காரியம். அதுக்கு இன்னும் கண்ணாடி போடல. போட்டுத் தர்றேன். கடைதான் போச்சு, கை இருக்கு.

அதோ, யாரது ரோட்டுல மழக்கோட்டப் போட்டுக்கிட்டு? அளவுக்காரம்மா! கீழ் வளைவுல வண்டிய விட்டுட்டு, கல்லெல்லாம் ஏறிக் குதிச்சு நடந்தே வந்திருக்கு. சேறப் பாருங்க, முழங்கால் வரைக்கும். நேரா என்னப் பாத்துத்தான் வருது. கண்ணுல தண்ணி. 'நீங்க பாத்ததாலதாண்ணே'ன்னு சொல்லப் போகுது. எனக்குத் தெரியும், அதான் சொல்லப் போகுது.

தம்பி, எப்படி ஆரம்பிக்கறது? காலையிலேருந்து நான்தான் பேசறேன், நீங்க மொத்தமா பத்து வார்த்த பேசியிருந்தா அதிகம். இப்ப ஒண்ணு சொல்லுங்களேன். வானிலயப் பத்திப் பேசிட்டு மெதுவா வரட்டுமா? ரெண்டு எம்.எம்.ல ஆரம்பிக்கட்டுமா? சலூன்காரன் டவுன்ல கண்ணாடி வாங்குனதுலேருந்து...

படத்தத்தான் பாக்கறீங்க. சரி.

வாம்மா. வா. அழாத, எல்லாரும் இருக்கோம். முப்பத்தெட்டு. இல்லம்மா, நன்றியெல்லாம் சொல்லாத. கொஞ்சம் இரு, மொதல்ல இந்த டப்பாவப் புடி. திறந்து பாரு, கைய வெட்டிக்காத.

மூணு தடவ ஒடஞ்சுதும்மா. மூணு தடவயும் நான்தான் மாத்தினேன்.